வாட்ஸ்அப் பூட்டுக்குள் ஒரு 77 இலக்கப் பகா எண்: 19-ஐக் கழித்தது ஏன்?

வாட்ஸ்அப்பில் ஏதாவது ஒரு நண்பரின் பெயரைத் தொட்டு உள்ளே போங்கள். 'என்க்ரிப்ஷன்' என்று ஒரு வரி இருக்கும். அதைத் தட்டினால் ஒரு க்யூஆர் கோடும், அதோடு ஐந்து ஐந்தாகப் பிரித்து எழுதிய 60 இலக்கங்களும் வரும். நம்மில் பெரும்பாலானோர் இந்தப் பக்கத்தைத் திறந்ததே கிடையாது. திறந்தவர்களும் 'ஏதோ டெக்னிக்கல் சமாச்சாரம்' என்று வந்த வழியே திரும்பியிருப்பார்கள்.

அந்த 60 இலக்கங்கள், உங்கள் கணக்கிலும் நண்பரின் கணக்கிலும் இருக்கும் பொதுச் சாவிகளின் கைரேகை. ஒவ்வொரு பொதுச் சாவியும் 32 பைட்தான். 'நல்லா இருக்கியா' என்று தமிழில் டைப் செய்தாலே அதைவிட அதிக இடம் பிடிக்கும். அந்தச் சாவியை உருவாக்குகிற கணக்கு முழுவதும் ஒரே ஒரு பகா எண்ணுக்குள் நடக்கிறது. எண் இதுதான்:

57896044618658097711785492504343953926634992332820282019728792003956564819949

மொத்தம் 77 இலக்கங்கள். சுருக்கி எழுதினால் 2²⁵⁵ − 19. அதாவது 2-ஐ 255 முறை எழுதிப் பெருக்கி, வரும் விடையிலிருந்து 19-ஐக் கழித்தால் கிடைப்பது.

வாட்ஸ்அப் மட்டும் இல்லை. சிக்னல் ஆப், நீங்கள் பிரவுசரில் திறக்கும் பெரும்பாலான இணையதளங்கள், ஐடி வேலையில் இருப்பவர்கள் தினமும் சர்வருக்குள் நுழையப் பயன்படுத்தும் எஸ்எஸ்ஹெச் எல்லாவற்றிலும் இதே எண் ஓடிக்கொண்டிருக்கிறது. மனித வரலாற்றில் மிக அதிகமாகப் பயன்படுத்தப்பட்ட பெரிய பகா எண் எது என்று போட்டி வைத்தால், முதல் சில இடங்களுக்குள் இது நிச்சயம் வரும்.

பூட்டின் எண்ணை ஊருக்கே சொல்லலாமா?

'பெரிய பகா எண்களை ரகசியமாக வைத்திருப்பதால்தான் இணையம் பாதுகாப்பாக இருக்கிறது' என்று நீங்கள் எங்காவது படித்திருக்கலாம். அது ஆர்எஸ்ஏ என்கிற பழைய முறைக்குப் பொருந்தும். அங்கே இரண்டு பகா எண்களைப் பெருக்கி விடையை மட்டும் வெளியே காட்டுவார்கள். பெருக்கிய எண்கள் எவை என்பது ரகசியம்.

இங்கே கதை வேறு. மேலே இருக்கும் 77 இலக்க எண்ணில் ரகசியமே கிடையாது. பொது ஆவணங்களில் அச்சாகி, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இருக்கிறது. ரகசியம் இருப்பது உங்கள் போன் தானாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் இன்னொரு எண்ணில். பகா எண் என்பது மைதானம். எல்லோரும் அதே மைதானத்தில்தான் ஆடுகிறார்கள்.

எப்படி என்று சின்ன எண்களை வைத்துப் பார்க்கலாம். மைதானம் 17 என்று வைத்துக்கொள்வோம். அதாவது, எந்த விடை வந்தாலும் 17-ஆல் வகுத்து மீதியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். தொடக்க எண் 3. சென்னையில் இருக்கும் கவிதா மனதுக்குள் 6 என்று நினைக்கிறார். பெங்களூருவில் இருக்கும் ரஹீம் 7 என்று நினைக்கிறார். இரண்டும் ரகசியம்.

கவிதா 3-ஐ 6 முறை பெருக்குகிறார்: 729. அதை 17-ஆல் வகுத்தால் மீதி 15. 'என்னோட எண் 15' என்று ஊரறியச் சொல்கிறார். ரஹீம் 3-ஐ 7 முறை பெருக்குகிறார்: 2187. மீதி 11. அவரும் ஊரறியச் சொல்கிறார். இப்போது கவிதா, ரஹீம் சொன்ன 11-ஐத் தன் ரகசியப்படி 6 முறை பெருக்கினால் மீதி 8 வரும். ரஹீம், கவிதா சொன்ன 15-ஐ 7 முறை பெருக்கினாலும் அதே 8. கால்குலேட்டர் கையில் இருந்தால் போட்டுப் பாருங்கள். இரண்டு பேருக்கும் பொதுவான ரகசியம் 8 கிடைத்துவிட்டது. ஆனால் 8 என்ற எண்ணை இருவருமே வாய் திறந்து சொல்லவில்லை. நடுவில் ஒட்டுக்கேட்டவருக்குத் தெரிந்ததெல்லாம் 17, 3, 15, 11 மட்டும்தான்.

17-க்குள் என்றால் ஒட்டுக்கேட்டவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். எண் பெரிதாகப் பெரிதாக அந்த வழி அடைந்துபோகும். 1976-ல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் வெளியிட்ட யோசனை இது. முன்பின் சந்திக்காத இருவர், திறந்த வெளியில் பேசியே ஒரு ரகசியத்தை உருவாக்கலாம் என்பது அன்றைக்கு நம்ப முடியாத விஷயம்.

உங்கள் போன் செய்வது இதன் அடுத்த கட்டம். வெறும் எண்களைப் பெருக்குவதற்குப் பதிலாக, 'எலிப்டிக் கர்வ்' என்கிற ஒரு வளைகோட்டின் மேல் புள்ளியிலிருந்து புள்ளிக்குத் தாவுகிறது. 1985-ல் நீல் கோப்ளிட்ஸ், விக்டர் மில்லர் இருவரும் தனித்தனியாக இந்த வழியைச் சொன்னார்கள். இதன் லாபம் அளவில் தெரியும். கவிதா-ரஹீம் முறையை அப்படியே பெரிதாக்கினால் 600 இலக்கங்களுக்கு மேல் போனால்தான் ஓரளவு பாதுகாப்பு. வளைகோட்டில் 77 இலக்கமே போதும். ஒவ்வொரு புள்ளியின் இருப்பிடமும், ஒவ்வொரு தாவலின் கணக்கும், 2²⁵⁵ − 19-ஆல் வகுத்த மீதிதான்.

அது ஏன் பகா எண்ணாக இருக்க வேண்டும்?

வகுத்தலுக்காக. மீதிக் கணக்கில் கூட்டல், கழித்தல், பெருக்கல் எந்த எண்ணை வைத்தாலும் நடக்கும். சிக்கல் வகுத்தலில்தான் வரும்.

கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அது 12-ன் மைதானம். அங்கே 3-ஐ எதனால் பெருக்கினாலும் 3, 6, 9, 0 இவற்றில்தான் போய் நிற்கும். 1 வரவே வராது. 1 வராவிட்டால் 3-க்குத் தலைகீழ் எண் இல்லை; தலைகீழ் எண் இல்லையென்றால் 3-ஆல் வகுக்க முடியாது. காரணம், 12-ம் 3-ம் ஏற்கெனவே உறவுக்காரர்கள். மைதானம் 7 என்றால் 3 × 5 = 15, மீதி 1. அங்கே 3-ஆல் வகுப்பதும் 5-ஆல் பெருக்குவதும் ஒன்றே. 7 யாரோடும் உறவு வைத்துக்கொள்ளாத பகா எண் என்பதால், பூஜ்யத்தைத் தவிர எல்லா எண்ணுக்கும் இப்படி ஒரு ஜோடி கிடைத்துவிடும்.

ஜோடியை எப்படிக் கண்டுபிடிப்பது? 17-ம் நூற்றாண்டில் பியர் டி ஃபெர்மா சொல்லிவிட்டுப் போன ஒரு பண்பு கைகொடுக்கிறது. மைதானம் பகா எண் என்றால், எந்த எண்ணையும் அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைவான முறை பெருக்கினால் மீதி 1. மைதானம் 7; 3-ஐ 6 முறை பெருக்கினால் 729; மீதி 1. அப்படியென்றால் ஒரு முறை குறைத்துப் பெருக்கினால் வருவதுதான் ஜோடி. 3-ஐ 5 முறை பெருக்கினால் 243, மீதி 5. மேலே பார்த்த அதே 5.

77 இலக்க மைதானத்திலும் போன் அதையேதான் செய்கிறது. ஆனால் உண்மையிலேயே அத்தனை முறை பெருக்கினால் சூரியன் அணைந்துவிடும் என்பதால், வர்க்கம், வர்க்கத்தின் வர்க்கம் என்று தாவித் தாவிப் போகிறது. 254 வர்க்கங்கள், 11 பெருக்கல்கள். அவ்வளவுதான்.

இதில் ஒரு கூடுதல் நன்மை இருக்கிறது. உள்ளே இருக்கும் ரகசிய எண் எதுவானாலும் படிகளின் எண்ணிக்கை மாறாது. இதைப் போய் ஒரு விஷயமாகச் சொல்வானேன் என்று தோன்றலாம். 1996-ல் பால் காச்சர் என்ற ஆய்வாளர், கணக்கு முடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை மட்டும் அளந்தே ரகசியச் சாவியைக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார். பூட்டை உடைக்க வேண்டாம், சாவி திரும்பும் சத்தத்தைக் கேட்டால் போதும் என்கிற கதை. அதற்குப் பிறகு 'எவ்வளவு வேகம்' என்பதோடு 'எப்போதும் ஒரே நேரமா' என்பதும் முக்கியமாகிவிட்டது.

சரி, 19?

77 இலக்கத்தில் பகா எண்களுக்குப் பஞ்சமே இல்லை. அந்தப் பக்கம் போனால் சராசரியாக 177 எண்களுக்கு ஒன்று பகா எண். அப்புறம் ஏன் எல்லோரும் இந்த ஒன்றையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?

முதல் காரணம் வேகம். இதைப் புரிந்துகொள்ள 97-ஐ எடுத்துக்கொள்வோம். அது பகா எண். 100-ஐ விட 3 குறைவு. 4572-ஐ 97-ஆல் வகுத்தால் மீதி என்ன? நீள்வகுத்தல் வேண்டாம். 97-ன் மைதானத்தில் 100 என்பதும் 3 என்பதும் ஒன்றுதான். எனவே 4572-ஐ 45, 72 என்று வெட்டுங்கள். 45 × 3 = 135. அதோடு 72-ஐக் கூட்டினால் 207. மறுபடியும் வெட்டுங்கள்: 2 × 3 = 6, அதோடு 7, ஆக 13. விடை 13. வகுத்தலே நடக்கவில்லை; ஒரு சின்னப் பெருக்கல், ஒரு கூட்டல்.

நமக்கு 100 எப்படியோ, கம்ப்யூட்டருக்கு 2²⁵⁵ அப்படி. அது 2-ன் அடுக்குகளில் எண்ணுவதால், அந்த இடத்தில் 'வெட்டுவது' அதற்குச் செலவே இல்லாத வேலை. வெட்டிய மேல் பாதியை 19-ஆல் பெருக்கி, கீழ்ப் பாதியோடு கூட்டினால் மீதி தயார். ஒருமுறை சாவி பரிமாற, 77 இலக்க எண்களைப் பெருக்கும் வேலை இரண்டாயிரம் முறைக்கு மேல் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் நிஜமாகவே வகுத்துக்கொண்டிருந்தால், விலை குறைந்த போன்களில் பேட்டரியும் பொறுமையும் சேர்ந்து தீரும்.

இரண்டாவது காரணம் இடம். 32 பைட் என்றால் 256 பிட். நமது எண் அதற்கு ஒரு பிட் குறைவாக, 255 பிட்டில் முடிகிறது. பெட்டிக்குள் கச்சிதமாக உட்கார்ந்து, மேலே விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளியும் இருக்கிறது.

இந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த டேனியல் பெர்ன்ஸ்டைன் என்ற கணித, கணினி ஆய்வாளர். 2006-ல் வெளியான அவரது ஆய்வுக் கட்டுரையில், தான் பரிசீலித்த ஆறு பகா எண்களையும் வரிசையாக எழுதியிருக்கிறார்: 2²⁵⁵ + 95, 2²⁵⁵ − 19, 2²⁵⁵ − 31, 2²⁵⁴ + 79, 2²⁵³ + 51, 2²⁵³ + 39. இவற்றில் 2²⁵⁵ − 19-ஐ எடுத்ததற்கு அவர் சொல்லும் காரணம், மற்ற ஐந்து எண்களோடு ஒட்டியிருக்கும் சின்ன எண்களைவிட 19 சிறியது. முடிந்தது கதை. ஆய்வுக் கட்டுரை என்றாலே பூசி மெழுகும் பழக்கத்துக்கு நடுவில் எனக்கு ரொம்பப் பிடித்த விளக்கங்களில் இதுவும் ஒன்று.

பகா எண்தான் என்று யார் சொன்னது?

நியாயமான கேள்வி. 2, 3, 5, 7 என்று ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க முடியாது. வர்க்கமூலம் வரை போனாலே 39 இலக்க எண்கள் வரை சோதிக்க வேண்டும்.

இதற்கு 1975-ல் வான் பிராட் ஒரு வழி சொன்னார்: சான்றிதழ். ஒரு எண் பகா எண் என்று காட்ட, அதிலிருந்து 1-ஐக் கழித்து வரும் எண்ணைக் காரணிகளாக உடைக்க வேண்டும். நமது எண்ணில் 1-ஐக் கழித்தால் வருவது 4 × 3 × 65147 × ஒரு 71 இலக்கப் பகா எண். இந்தக் காரணிகள் கையில் இருந்தால், ஃபெர்மாவின் பண்பைக் கொஞ்சம் கடுமையாக்கிய ஒரு சோதனையை நடத்தி, 'சந்தேகமே இல்லை, பகா எண்தான்' என்று நிரூபித்துவிடலாம். அந்த 71 இலக்க எண் பகா எண்ணா என்று கேட்டால், அதற்கும் அதே மாதிரி ஒரு சான்றிதழ். இப்படியே இறங்கினால் கடைசியில் கைக்கணக்கில் முடியும் சின்ன எண்கள் வரும். உங்கள் லேப்டாப்பில் கண் இமைக்கும் நேரத்தில் சரிபார்த்துவிடலாம்.

காரணிகளே தெரியாத எந்த எண்ணையும் உறுதியாக, வேகமாகச் சோதிக்க ஒரு பொதுவான வழி இருக்கிறதா என்பது நெடுநாள் கேள்வியாக இருந்தது. 2002-ல் 'இருக்கிறது' என்று நிரூபித்தவர்கள் ஐஐடி கான்பூரைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா. கயாலும் சக்சேனாவும் அந்த வருடம்தான் பி.டெக் முடித்திருந்தார்கள். நடைமுறையில் அதைவிட வேகமான வழிகள் இருப்பதால் உங்கள் போனில் அந்த முறை ஓடுவதில்லை. ஆனால், அப்படி ஒரு கேள்விக்கு ஒன்பதே பக்கங்களில் விடை கிடைத்தது கணித உலகத்தை உலுக்கியது.

காரணம் சொல்ல முடியாத எண்களால் வந்த வினை

19-க்குக் காரணம் சொல்ல முடிகிறது என்பதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேச வேண்டும்? இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தைப் பார்க்க வேண்டும்.

குறியாக்கத்துக்கு 'யாரும் ஊகிக்க முடியாத' எண்கள் தேவை. அவற்றை உருவாக்கித் தர 2006-ல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் சில முறைகளைப் பரிந்துரைத்தது. அதில் ஒன்றின் பெயர் டூயல் ஈசி. அதுவும் வளைகோட்டில் ஓடுவதுதான். அதற்குள் இரண்டு நிலையான புள்ளிகள் இருந்தன. அவை எங்கிருந்து வந்தன, ஏன் அவையே என்று ஆவணத்தில் விளக்கம் இல்லை.

2007-ல் மைக்ரோசாஃப்டில் பணிபுரிந்த டான் ஷுமோவ், நீல்ஸ் ஃபெர்குசன் இருவரும் ஒரு மாநாட்டில் குறும்பாக ஒன்றைக் காட்டினார்கள். அந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையிலான உறவு ஒருவருக்குத் தெரிந்திருந்தால், கொஞ்சம் வெளியீட்டைப் பார்த்தே அடுத்து வரும் எல்லா 'ஊகிக்க முடியாத' எண்களையும் அவரால் ஊகித்துவிட முடியும். அதாவது, பூட்டைச் செய்தவரே மாற்றுச் சாவி ஒன்றைப் பையில் வைத்திருக்க வாய்ப்பு உண்டு. வைத்திருக்கிறாரா என்று வெளியே இருந்து யாராலும் சொல்ல முடியாது.

2013 செப்டம்பரில் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களின் அடிப்படையில் செய்திகள் வந்தபோது, அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ மீது சந்தேகம் வலுத்தது. நிஸ்ட் அந்த முறையைப் பயன்படுத்த வேண்டாம் என்றது, 2014-ல் நீக்கியது. விஷயம் அதோடு நிற்கவில்லை. 2015 டிசம்பரில் ஜூனிப்பர் நிறுவனம், தனது நெட்வொர்க் கருவிகளின் மென்பொருளில் அனுமதியில்லாத கோடு நுழைந்திருப்பதாக அறிவித்தது. ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்ததில், டூயல் ஈசி-யின் ஒரு புள்ளியை யாரோ வேறொரு புள்ளியாக மாற்றியிருந்தது தெரிந்தது. அந்தக் கருவிகள் வழியாகப் போன ரகசியத் தகவல்களைப் படிக்க ஓர் எண்ணை மாற்றியதே போதுமானதாக இருந்தது.

இதன் பிறகுதான் 'இந்த எண் எங்கிருந்து வந்தது' என்ற கேள்வி ஊர்க் கேள்வியானது. நிஸ்டின் மற்ற வளைகோடுகளிலும் விளக்கமில்லாத எண்கள் இருந்தன. பி-256 என்ற புகழ்பெற்ற வளைகோடு ஒரு நீளமான தொடக்க எண்ணிலிருந்து உருவானது. அந்தத் தொடக்க எண் ஏன் அதுவே என்பதற்கு விளக்கம் இல்லை. இன்றுவரை அதில் யாரும் ஓட்டை எதையும் காட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்றும் உலகம் முழுக்க அது புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் கையை முழுக்கை சட்டைக்குள் வைத்துக்கொண்டு 'உள்ளே ஒண்ணும் இல்லை' என்று சொல்வதற்கும், சட்டையை மடித்துக் காட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா?

2²⁵⁵ − 19 சட்டையை மடித்துக் காட்டியது. அந்த வளைகோட்டில் இன்னும் இரண்டே எண்கள்தான் உண்டு. ஒன்று 486662. வேகம், பாதுகாப்பு நிபந்தனைகளைப் பட்டியலிட்டு, 1-லிருந்து தேடிக்கொண்டே போனால் முதலில் வருவது 358990, அடுத்து 464586, அடுத்து 486662. முதல் இரண்டையும் ஏன் தள்ளினேன் என்று கட்டுரையிலேயே காரணம் இருக்கிறது. இன்னொரு எண் 9. தாவலைத் தொடங்கத் தகுதியுள்ள புள்ளிகளில் மிகச் சிறியது. ஒரு கல்லூரி மாணவர் இதே நிபந்தனைகளோடு தேடினாலும் இதே எண்களில்தான் வந்து நிற்பார். உள்ளே எதையாவது ஒளித்துவைக்க இடமே இல்லை.

ஸ்னோடன் செய்திகள் வந்து நான்கே மாதத்தில், 2014 ஜனவரியில், ஓபன்எஸ்எஸ்ஹெச் இதைத் தனது முதல் விருப்பமாக்கியது. 2016 ஜனவரியில் இணையத்துக்கான பொது ஆவணமாக வெளியானது. அதே ஆண்டு ஏப்ரலில் வாட்ஸ்அப் தனது எல்லா உரையாடல்களுக்கும் இந்தப் பூட்டைப் போட்டு முடித்தது.

'எண் இவ்வளவு எளிமையாக இருந்தால் திருடனுக்கும் எளிதாக இருக்காதா' என்று கேட்கலாம். கவிதா-ரஹீம் முறையில் அந்தப் பயம் உண்மை. 2-ன் அடுக்குக்குப் பக்கத்தில் இருக்கும் பகா எண்களைத் தாக்கத் தனி உத்திகளே இருக்கின்றன. வளைகோட்டில் அப்படி ஒரு குறுக்குவழி இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. தெரிந்த வழிகளில் சிறந்ததற்கே சுமார் 2¹²⁶ படிகள் தேவை. நொடிக்கு ஒரு லட்சம் கோடி படி ஓடும் கம்ப்யூட்டர்கள் பத்து லட்சத்தை வேலைக்கு வைத்தாலும், முடிக்க ஆகும் காலம் பிரபஞ்சத்தின் வயதைப் போல ஏறக்குறைய 200 மடங்கு.

4 கோடி இலக்க எண் இதைவிட நல்லதா?

2024 அக்டோபரில் ஒரு பகா எண் செய்திகளில் வந்தது நினைவிருக்கலாம். 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். லூக் டுரான்ட் என்பவர் பல நாடுகளில் இருக்கும் கிராஃபிக்ஸ் சிப்களை வாடகைக்கு எடுத்துக் கண்டுபிடித்தார். சாதனை பெரிய சாதனைதான். ஆனால் அதை உங்கள் போனில் மைதானமாகப் போட்டால், ஒவ்வொரு பொதுச் சாவியும் சுமார் 17 எம்பி இருக்கும். 'குட் மார்னிங்' சொல்வதற்கு முன் அன்றைய டேட்டாவில் ஒரு பங்கு போய்விடும்!

அடுத்து வருவது 3329

இத்தனை உறுதியான எண்ணுக்கும் ஓர் ஆயுள் உண்டு. 1994-லேயே பீட்டர் ஷோர், போதுமான அளவு பெரிய குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தால் இந்த வகைப் பூட்டுகள் எல்லாமே திறந்துவிடும் என்று காட்டிவிட்டார். ஆர்எஸ்ஏ, பி-256, நமது 2²⁵⁵ − 19 எதற்கும் விதிவிலக்கு இல்லை. அப்படி ஒரு கம்ப்யூட்டர் இன்னும் இல்லை. ஆனால் இன்றைய உரையாடலை அப்படியே சேமித்துவைத்து, பத்து, இருபது வருடம் கழித்துத் திறக்கக் காத்திருப்பவர்கள் இருக்கலாம். மருத்துவ அறிக்கை, அரசாங்கக் கோப்பு, ஒரு பத்திரிகையாளரிடம் யாரோ சொன்ன தகவல் போன்றவை இருபது வருடம் கழித்தும் ரகசியமாகவே இருக்க வேண்டியவை.

அதனால் 2024 ஆகஸ்டில் நிஸ்ட் புதிய பூட்டு ஒன்றைத் தரப்படுத்தியது. பெயர் எம்எல்-கெம். அதன் கணக்கும் ஒரு பகா எண்ணின் மைதானத்தில்தான் ஓடுகிறது. அந்த எண் 3329. ஆமாம், வெறும் நான்கு இலக்கம்தான். இந்தப் பூட்டில் கடினம் எண்ணின் அளவில் இல்லை. நூற்றுக்கணக்கான அறியா எண்கள் கொண்ட சமன்பாடுகளில் வேண்டுமென்றே சின்னச் சின்னப் பிழைகளைக் கலந்துவிடுவதில் இருக்கிறது. 3329-ஐ எடுத்ததற்கும் காரணம் சொல்ல முடியும்: 1-ஐக் கழித்தால் 3328, அதாவது 13 × 256. அந்த 256 இருப்பதால் இந்தப் பூட்டுக்குத் தேவையான பெருக்கல்களை மின்னல் வேகத்தில் செய்ய ஒரு குறுக்குவழி திறக்கிறது.

புதியவரை முழுதாக நம்பிவிட யாரும் தயாராக இல்லை. அதனால் குரோம் போன்ற பிரவுசர்கள் இரண்டு பூட்டையும் சேர்த்தே போடுகின்றன. 2²⁵⁵ − 19 தரும் ரகசியத்தையும் 3329-ன் மைதானத்தில் பிறக்கும் ரகசியத்தையும் ஒன்றாகக் கலந்து ஒரே சாவி. திருடன் உள்ளே வர இரண்டையும் உடைத்தாக வேண்டும். சிக்னல் ஆப் 2023-லிருந்தே சாவிப் பரிமாற்றத்தை இப்படித்தான் தொடங்குகிறது. செலவு கொஞ்சம் கூடியிருக்கிறது: பழைய பொதுச் சாவி 32 பைட், பிரவுசர்களில் வரும் புதியது 1,184 பைட்.

3329 பகா எண்தானா என்று சோதிக்கச் சான்றிதழ் எல்லாம் வேண்டாம். 2 முதல் 53 வரை உள்ள 16 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். போன் கால்குலேட்டரில் ஐந்து நிமிட வேலை.